ஏட்டுக் கல்வியும் குதிரையேற்றமும்



பதினைந்து வயதுச் சிறுமி ஒருத்தியை மனக்கண்முன் கொண்டுவாருங்கள். விடியுமுன் எழுந்து இலாயத்துக்குச் செல்கிறாள். குதிரையின் குளம்புகளைத் துப்புரவாக்கி, மேனியைத் தேய்த்து, சேணம் பூட்டித் தடைதாண்டப் பழகுகிறாள். வெயில் ஏறியதும் கணினியைத் திறந்து, நெடுந்தொலைவிலுள்ள ஆசிரியர் நடத்தும் அட்சரகணிதப் பாடத்துக்குச் செவிசாய்க்கிறாள். இத்தகைய பிள்ளைகளை அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்து வெலிங்டன் நகரிலே குளிர்காலந்தோறும் காணலாம். சனவரி முதல் மார்ச்சு முடியும்வரை, ஏறத்தாழ 12 வாரங்கள் அங்கே குதிரையேற்றப் போட்டிகள் இடையறாது நடைபெறுகின்றன. பாடசாலையில் படிப்பு மும்முரமாக நடைபெறும் காலமும் அதுவே.

ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று நம்மவர் கடிந்துரைக்கும் நிலை இதுதானா? அன்றி, முன்னொரு காலத்தில் கூடியிருந்து பின்னர் பிரிந்துபோன இரு கலைகள் மீண்டும் கூடும் நிலையா? வரலாற்றைச் சற்றுப் புரட்டிப் பார்த்தே இதற்கு விடை கூறவேண்டும்.

பண்டைக் காலத்தில் இவ்விரண்டுக்கும் பகை இருந்ததில்லை. சோக்கிரதீசரின் அணுக்க மாணாக்கராகிய செனபோன், வரலாறு எழுதிய அதே கையால் குதிரையேற்றம் பற்றியும் ஒரு நூல் எழுதினார். 1594ஆம் ஆண்டிலே அந்துவான் த புளூவினெல் என்பார் பாரிசு நகரில் ஒரு குதிரையேற்றக் கழகத்தை நிறுவினார். அங்கே இளைஞர்கள் குதிரையேற்றத்தோடு கணிதமும் இலக்கியமும் சித்திரமும் இசையும் நடனமும் பயின்றனர். பின்னாளில் பிரான்சின் முதலமைச்சராக விளங்கிய ரிஷ்லியூவும் அங்கே பயின்றவரே. குதிரையை வருத்தி அடக்குதலை விடுத்து, அதன் இயல்பறிந்து இன்முகத்தோடு பழக்குதல் வேண்டும் என்பது புளூவினெலின் கொள்கை. அவருடைய கழகத்தில் இலாயமும் வகுப்பறையும் ஒரே கூரையின்கீழ் இருந்தன. ஆயினும், அக்கூரை பிரபுக்களின் மைந்தருக்கு மாத்திரமே நிழல் தந்தது என்பதை நாம் மறத்தலாகாது.

அதே பிரான்சு நாட்டில், 1882ஆம் ஆண்டுச் சட்டம் 6 வயது முதல் 13 வயது வரையுள்ள சிறுவர் சிறுமியர் யாவருக்கும் கல்வியைக் கட்டாயமாக்கியது. ஏழைப் பிள்ளைக்கு அஃது ஒரு பெரும்பேறு. மணியோசையும் வரவுப் பதிவேடும் பிள்ளைகளின் நாளை வகுத்தன. குதிரையேற்றமோ பெரும்பாலும் படையினரின் கைக்குச் சென்றது. ஒலிம்பிக் குதிரையேற்றப் போட்டிகளிலே படை அதிகாரிகளே பல்லாண்டுகள் ஆதிக்கம் செலுத்தினர். சாதாரணச் சிப்பாய்க்கும் இடமில்லை, பெண்ணுக்கும் இடமில்லை.

இவ்விதி எத்துணைக் கடுமையானது என்பதற்கு ஒரு சான்று கூறுவேன். 1948இல் இலண்டனில், குதிரையின் நடையையும் பணிவையும் அளவிடும் போட்டியில் சுவீடன் குழு தங்கப் பதக்கம் பெற்றது. குழுவினருள் ஒருவராகிய பெர்சன் உண்மையில் அதிகாரித் தரத்தினர் அல்லர் என்ற காரணத்தால், மறு ஆண்டில் அப்பதக்கம் பறிக்கப்பட்டது. 1952இல் ஹெல்சிங்கி நகரில் நடந்த ஒலிம்பிக்கிற்கு முன்னர் விதி தளர்த்தப்பட்டது. அவ்விழாவிலே பெர்சன் இடம்பெற்ற சுவீடன் குழு மீண்டும் தங்கம் வென்றது. இளம்பிள்ளை வாதத்தால் முழங்காலுக்குக் கீழே செயலிழந்த டென்மார்க்குப் பெண்மணி லிஸ் ஹார்டெல், ஆடவரோடு போட்டியிட்டு வெள்ளிப் பதக்கம் பெற்றார்.

படைகளில் குதிரையின் இடத்தை இயந்திர வண்டிகள் கைப்பற்றிக்கொண்ட காலம் அது. குதிரையேற்றம் குடிமக்களின் விளையாட்டாயிற்று. இளையோருக்கெனத் தனிப் பிரிவுகளும் வளர்ந்தன. 2010இல் சிங்கப்பூரில் நடந்த முதலாவது கோடைகால இளையோர் ஒலிம்பிக்கிலும் தடைதாண்டற் போட்டி இடம்பெற்றது. இங்கேதான் சிக்கல் எழுந்தது. படை அதிகாரிக்குக் குதிரைப் பயிற்சியே உத்தியோகம். பாடசாலைப் பிள்ளைக்கு அவ்வாறன்று. குதிரைக்கு ஞாயிற்றுக்கிழமையும் இல்லை, பரீட்சைக் காலமும் இல்லை. நாள்தோறும் தீனி வைத்தல் வேண்டும். நாள்தோறும் நடத்தல் வேண்டும். போட்டி நடக்கும் ஊர்தோறும் அதனோடு செல்லுதலும் வேண்டும்.

பிள்ளை பாடசாலைக்கு வர இயலாதாயின், பாடசாலை பிள்ளையிடம் செல்லலாம் என்ற எண்ணம் குதிரை வீரருக்காகப் பிறந்ததன்று. இங்கிலாந்தில் 1840இல் ஒரு பென்னித் தபால் தொடங்கியபோது, ஐசக் பிட்மன் தபால் வழியாகச் சுருக்கெழுத்துக் கற்பித்தார். மாணவர் எழுதியனுப்பிய பயிற்சிகள் திருத்தம் பெற்று மீண்டன. இலண்டன் பல்கலைக்கழகம் 1858 முதல் வெளிவாரி மாணவருக்குப் பட்டம் வழங்கும் வழியைத் திறந்தது. நம் நாட்டிலே 1921இல் தோன்றிய கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியும் அந்தப் பட்டத்துக்கே மாணவரை ஆயத்தம் செய்தது. 1939இல் போர் மூண்டு பாடசாலைகள் குலைந்தபோது, பிரான்சு அரசு தபால்வழிக் கல்விச் சேவையொன்றை ஆரம்பித்தது. அதன் வழிவந்த நிறுவனம், ஊர் ஊராகச் செல்லும் கலைஞருக்கும் விளையாட்டு வீரருக்கும் இன்று கைகொடுக்கின்றது.

வானொலி நேயர்களுக்கு இன்னொரு செய்தி உவகை தரும். 1951இல் அவுஸ்திரேலியாவின் அலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரில் வானொலிப் பாடசாலை தொடங்கியது. அண்டை வீடு பல மைலுக்கு அப்பால் இருக்கும் மாட்டுப் பண்ணைகளில், நடைபழகும்போதே குதிரையேறவும் பழகிய பிள்ளைகள் ஆசிரியையின் குரலை வானொலியிற் கேட்டனர். எழுத்து வேலைகள் தபாலிற் சென்றன. அருகே தாயோ வீட்டாசிரியையோ அமர்ந்திருந்தார். வானொலியின் இடத்தை இன்று இணையம் பெற்றுவிட்டது. அருகிருப்பவரின் இடத்தையோ எதுவும் பெறவில்லை.

1997இல் புளோரிடா அரசின் இணையவழிப் பாடசாலையும், 2006இல் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தின் இணையவழி உயர்நிலைப் பாடசாலையும் தோன்றின. கருவி புதிது; வழி பழையது.

2020இல் பெருந்தொற்றால் பாடசாலைகள் மூடப்பட்டபோது, எமது மாணவரும் கைபேசியிற் பாடம் கேட்டனர். அதிபர் என்ற முறையில் அப்போது நான் கண்டதொன்று உண்டு. நல்ல கருவி இருந்தும் பின்தங்கிய பிள்ளைகள் இருந்தனர். இரவல் கைபேசியிற் படித்து முன்னேறிய பிள்ளைகளும் இருந்தனர். வேறுபாடு யாதெனின், முன்னவரின் பயிற்சிக் கொப்பியை எவரும் விரித்துப் பார்க்கவில்லை, பின்னவரின் வீட்டில், "இன்று என்ன எழுதினாய்?" என்று கேட்க ஒருவர் இருந்தார்.

குதிரையேறும் பிள்ளைக்கும் இதுவே பொருந்தும். தினமும் தன் குதிரைக்கு நேரந்தவறாது தீனி வைக்கும் ஒழுங்கு, பாடத்துக்கும் நீளுமாயின் இரண்டும் வாழும். நீளாதாயின், கணினி வெறும் பெட்டியே. ஒரு சறுக்கலில் வீரரின் தோளெலும்பு முறியலாம். குதிரையின் கால் நொண்டலாம். பல்லாண்டு உழைப்பு ஒரு கணத்தில் நின்றுவிடக்கூடிய விளையாட்டு இது. அந்நாளில் கைகொடுக்கக் கல்வி வேண்டும்.

இன்னொன்றும் சிந்தித்தற்குரியது. குதிரை வளர்த்தல் பெருஞ்செலவுடையது. புளூவினெலின் கூரை பிரபுக்களுக்கே நிழல் தந்தது போல, இக்காலத்து இணையக் கூரையும் செல்வருக்கு மாத்திரம் உரியதாகிவிடலாகாது. பண்ணைப் பிள்ளைக்காகவும் போரால் இடம்பெயர்ந்த பிள்ளைக்காகவும் அரசுகள் அமைத்த பாதையில்தான் குதிரை வீரரின் பிள்ளை இன்று செல்கின்றது. அப்பாதை எல்லோருக்கும் திறந்திருக்கும்படி காத்தல் நம் அனைவரின் கடமையாகும்.