வாத நோய்க்கு ஓர் அளவுகோல்



நெய்வேலி அளவையால் வளர்ந்த ஊர். பழுப்பு நிலக்கரியில் ஈரம் எவ்வளவு, சாம்பல் எவ்வளவு, அதனடியில் முட்டி நிற்கும் ஊற்றுநீரின் அழுத்தம் எவ்வளவு என்று அளந்தறிந்தே 1956-இல் நிறுவப்பட்ட நிறுவனம் சுரங்கத்தை அகழ்ந்தது. அந்நகரியத்துத் தொழிலாளி ஒருவரின் விரல் மூட்டுகள் விடியற்காலையில் மடங்க மறுக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அவர் பெறும் சிகிச்சையை எதைக்கொண்டு அளப்பது?

இக்கேள்வி பழையது. பாஸ்டன் நகரில் எர்னஸ்ட் காட்மன் என்னும் அறுவை மருத்துவர் இருந்தார். சிகிச்சை பெற்றவரைப் பின்னரும் தொடர்ந்து கவனித்து, குணமாகாவிடில் ஏன் என்று எழுதிவைக்க வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். உடனிருந்த மருத்துவர் பலருக்கு இது கசந்தது. ஆயினும் கருத்து பிழைத்தது. 1917-இல் அமெரிக்க அறுவை மருத்துவர் கல்லூரி, ஒரே பக்கத்தில் அடங்கும் குறைந்தபட்சத் தரத்தை வகுத்தது. அடுத்து, 100 படுக்கைகளும் அதற்கு மேலும் கொண்ட 692 மருத்துவமனைகளைச் சோதித்தார்கள். தேறியவை 89! பெரும்பெயர் பெற்றவை சிலவும் தவறின. எண்ணிக்கையை அறிவித்துவிட்டு, பெயர்ப்பட்டியலை 1919-இல் நியூயார்க் விடுதியொன்றின் உலையில் எரித்தார்கள். நிலக்கரி ஊருக்கு உலை புதிதன்று. ஆனால் இப்படியொரு எரிபொருளை அது கண்டிராது.

நம் நாட்டில் மருத்துவமனைகளுக்கு ஏற்பளிக்கும் தேசிய வாரியம் ஒன்று உண்டு. தூய்மை, பதிவேடு, நோயாளியின் பாதுகாப்பு ஆகியவற்றை அது ஆராய்கிறது. அவை வேண்டியனவே. எனினும் முடக்குவாதத்திற்கு அவை மட்டும் போதா என்பது என் கருத்து. 28 மூட்டுகளைத் தொட்டுப் பார்த்து, வீங்கியவை எத்தனை, வலிப்பவை எத்தனை என்று எண்ணும் முறை ஒன்று உண்டு. இதற்கு எந்திரம் வேண்டாம். பழகிய விரல்கள் போதும். மெத்தோட்ரெக்சேட் என்னும் மருந்தை இந்நோய்க்கு வாரத்தில் ஒருநாள் மட்டுமே உட்கொள்ள வேண்டும். நாள்தோறும் உட்கொண்டால் உயிருக்கே கேடு. ஆகவே மருந்துச் சீட்டில் கிழமை எழுதப்பட்டதா, இரத்த அணுக்களும் ஈரலும் காலந்தவறாது சோதிக்கப்பட்டனவா என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

ஒரு வட்டாரத்திற்குப் பொதுவான தரம் எதற்கென்றால், இந்நோய் ஓர் ஊரோடு முடிவதில்லை. நகரியத்து மருத்துவமனையில் தொடங்கியவர் புதுச்சேரி ஜிப்மருக்கோ சென்னைப் பொது மருத்துவமனைக்கோ செல்லக்கூடும். நெய்வேலியில் ஒன்பது மூட்டுகள் வீங்கியிருந்தன என்ற குறிப்பு அவர் கையிலேயே செல்ல வேண்டும். மூன்று மாதத்திற்குப் பின் பார்க்கும் மருத்துவர், அதே 28 மூட்டுகளை அதே முறையில் எண்ணி, அடுத்த வரியில் எழுத வேண்டும்.