வகுப்பறைக் குறும்பும் ஆசிரியரின் நிதானமும்: ஜேக்கப் கூனின் ஆய்வை முன்வைத்து

1. ஆய்வின் தோற்றம்

ஒரு மாணவன் குறும்பு செய்கையில் ஆசிரியர் சொல்வதை அவன் மட்டும் கேட்பதில்லை, வகுப்பே கேட்கிறது. இதை முறைப்படி ஆராய்ந்தவர் அமெரிக்க உளவியலாளர் ஜேக்கப் கூனின். அவருடைய கல்லூரி வகுப்பில் ஒரு மாணவர் செய்தித்தாளை விரித்து வாசித்துக்கொண்டிருந்தார். கூனின் அவரைக் கடிந்துகொண்டதும், அதில் சம்பந்தமே இல்லாத மற்றவர்கள் கிசுகிசுப்பை நிறுத்திக் குறிப்பேட்டில் குனிந்தார்கள். ஒருவரிடம் சொன்னது எல்லோரிடமும் பரவும் அந்த அலைதான் அவருடைய ஆய்வுப்பொருளாயிற்று.

2. கண்டிப்பின் தன்மை

சக ஆய்வாளர் பால் கம்ப்புடன் சேர்ந்து மழலையர் வகுப்புகளைக் கவனித்து 1958இல் அவர் வெளியிட்ட முடிவு இது: எது தவறு, என்ன செய்ய வேண்டும் என்று தெளிவாகச் சொன்னால் பார்த்திருக்கும் பிள்ளைகளும் ஒழுங்குக்கு வருகிறார்கள், சினந்து கடுமை காட்டினால் அவர்கள் மிரள்கிறார்கள், பணிவு கூடுவதில்லை. 1970இல் வந்த நூலில் இன்னும் ஒரு படி மேலே போனார். வகுப்புகளைப் படம்பிடித்து ஆராய்ந்ததில், கண்டிக்கும் விதத்தைவிட, குறும்பை முளையிலேயே கவனிப்பதும் பாடத்தின் ஓட்டம் அறாமல் பார்த்துக்கொள்வதுமே ஒழுங்கைத் தீர்மானித்தன.

3. சட்டம்

திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகளைக் கயிற்றில் தொங்கவிட்டுக் கோதண்டம் போட்ட காலம் போயிற்று. இந்தியாவின் 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையோடு மனத் துன்புறுத்தலையும் தடைசெய்கிறது. பிரம்பைக் கீழே போட்டுவிட்டுக் குத்தல் பேச்சை எடுத்துக்கொள்வது அந்தச் சட்டத்தை மதித்ததாகாது.

4. நடைமுறை

எட்டாம் வகுப்பு, கணக்குப் பாடவேளை. கடைசி பெஞ்சில் ஒருவன் ஸ்கேலால் முன்னால் இருப்பவன் முதுகில் குத்துகிறான். “எந்திரிடா! நாளைக்கு அப்பாவைக் கூட்டிட்டு வா” என்று ஆசிரியர் நின்ற இடத்திலிருந்தே கத்தினால் எல்லாத் தலையும் திரும்பும்; அவனுக்கு மேடை கிடைத்துவிடும். கணக்கை விளக்கியபடியே அவனிடம் நடந்துபோய், “ஸ்கேலை உள்ளே வை, மூணாவது கணக்கைப் போடு” என்று தணிந்த குரலில் சொல்லலாம். மற்றதை மணியடித்தபின் தனியே பேசிக்கொள்ளலாம். கோபம் வராமல் இருக்காது. ஆனால் அதை வகுப்புக்குமுன் கொட்டினால் பாடம் நின்றுபோகும்.

அதே பையன் தினமும் அப்படிச் செய்தால், கண்டிக்குமுன் அவன் நோட்டைத் திறந்து பார்க்க வேண்டும். எழுத்துக்கூட்டக்கூடத் தெரியாமல் எட்டாம் வகுப்புவரை வந்துவிட்ட பிள்ளைகள் உண்டு. கணக்கின் கேள்வியையே வாசிக்க முடியாதவனுக்கு அந்த நாற்பது நிமிடம் பெரும் அவஸ்தை. அவனுக்குத் தேவை வாசிக்கக் கற்றுத்தருவதுதான்.

5. வரம்பு

இவை எல்லாமே ஆசிரியர் கடைசி பெஞ்சுவரை நடந்துபோக முடியும் என்ற எண்ணத்தில் சொன்னவை. நடுநிலை வகுப்புகளில் 35 பேருக்கு ஓர் ஆசிரியர் என்கிறது அதே சட்டம். அறுபது பேரை அடைத்து, பெஞ்சுகளுக்கிடையே கால்வைக்க இடமில்லாத அறையில் நிற்பவரிடம் நிதானத்தை மட்டும் கேட்பது நியாயமில்லை.