நிக்சி எண்குழாயும் அதனை இயக்கிய சுற்றுக்களும்: ஒரு வரலாற்று நோக்கு

கருவிகளின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் கண்ணுக்குப் புலனாகும் உறுப்பைப் பற்றியே எழுதுகின்றனர். மணிக்கூட்டின் வரலாற்றில் முகப்பும் முட்களும் பெறும் இடத்தை உள்ளிருக்கும் பற்சில்லுகள் பெறுவதில்லை. நிக்சி எண்குழாயின் வரலாறும் இவ்வாறே எழுதப்பட்டு வந்துள்ளது. செம்மஞ்சள் நிறத்தில் ஒளிரும் அதன் எண்களின் அழகு பலராலும் பேசப்படுகின்றது. அவ்வெண்களை ஒளிரச் செய்த சுற்றோ பின்புறத்திலேயே மறைந்து கிடக்கின்றது. ஆனால் அக்குழாயின் எழுச்சி, வீழ்ச்சி, மறுவாழ்வு ஆகிய மூன்றையும் ஆராயுமிடத்து, அவை இச்சுற்றின் வரலாற்றோடு பிணைந்து நிற்பதைக் காணலாம்.

அமெரிக்காவின் பரோஸ் நிறுவனம் 1955இல் இக்குழாயை அறிமுகப்படுத்தியது. இதனை உருவாக்கிய ஹேடு சகோதரர்களின் ஆய்வுகூடத்தை அந்நிறுவனம் அதற்குச் சற்று முன்னரே வாங்கியிருந்தது. 'பரிசோதனை எண்காட்டி 1' எனப் பொருள்படும் ஆங்கிலத் தொடரை வரைபடமொன்றிற் சுருக்கி எழுதியதிலிருந்தே நிக்சி என்னும் பெயர் பிறந்தது என்பர். கண்ணாடிக் குழாயொன்றினுள் 0 முதல் 9 வரையான எண்களின் வடிவில் வளைக்கப்பட்ட பத்து மெல்லிய உலோகக் கதோட்டுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். அவற்றுக்கு முன்னே வலைபோன்ற அனோட்டு அமைந்திருக்கும். உள்ளே பெரும்பாலும் நியோன் வாயு நிரப்பப்படும். எந்தக் கதோட்டினூடாக மின்னோட்டம் செல்கின்றதோ, அதனைச் சூழ்ந்த வாயு ஒளிரும். சூடேற்றும் இழை எதுவும் இதில் இல்லை.

இவ்வளவில் எல்லாம் எளிதாகத் தோன்றும். இடர்ப்பாடு மின்னழுத்தத்திலேயே இருந்தது. வாயு முதலில் ஒளிர்வதற்கு ஏறத்தாழ 170 வோல்ற் வேண்டும். ஒளிரத் தொடங்கியபின் குழாய்க்குக் குறுக்கேயுள்ள அழுத்தம் 140 வோல்ற் அளவிற்கு இறங்கி நிற்கும். எஞ்சிய 30 வோல்ற்றை ஒரு தடையி தாங்கிக்கொள்ள வேண்டும். 2.5 மில்லி அம்பியர் ஓட்டம் வேண்டின் 12 கிலோ ஓம் தடையி போதுமானது. தடையி இல்லாவிடின் ஓட்டம் கட்டின்றிப் பெருகிக் குழாய் அழிந்துவிடும்.

தொடக்கத்தில் இவ்வுயர் அழுத்தம் எவருக்கும் சிக்கலாக இருக்கவில்லை. ஏனெனில் அக்காலக் கணிப்புச் சுற்றுக்களும் குழாய்களாலேயே ஆனவை. திரோக்கோத்திரன் எனப்பட்ட கற்றை மாற்றுக் குழாயில், காந்தப் புலத்தினால் வழிநடத்தப்படும் இலத்திரன் கற்றை பத்து இலக்குகளில் ஒன்றிலிருந்து அடுத்ததற்குத் தாவும். அவ்விலக்குகளை நிக்சியின் பத்துக் கதோட்டுக்களோடு நேரே இணைத்துவிடலாம். 1961இல் பிரித்தானியாவில் வெளிவந்த அனிற்றா மேசைக் கணிப்பான் முற்றிலும் இலத்திரனியல் முறையில் இயங்கியது. அதிலும் குளிர்கதோட்டுக் குழாய்கள் முக்கிய இடம் பெற்றன. சமவயதினர் இருவர் தமக்குள் உரையாடுவது போன்ற நிலை அது.

திரான்சிற்றர் வந்தபோது இவ்வுரையாடல் முறிந்தது. சில வோல்ற்றில் இயங்கும் சுற்றொன்று, 170 வோல்ற்றை நாடும் குழாயை எவ்வாறு ஆள்வது? அக்காலத்துச் சாதாரண திரான்சிற்றர்கள் அவ்வழுத்தத்தைத் தாங்கமாட்டா. இதற்குக் கிடைத்த விடை மின்னியல் வரலாற்றின் நயமான விடைகளுள் ஒன்றாகக் கொள்ளத்தக்கது. '4' ஒளிரும்போது அதன் கதோட்டு ஏறத்தாழப் பூச்சிய வோல்ற்றில் இருக்கும். அனோட்டு 140 வோல்ற்றில் இருக்கும். ஏனைய ஒன்பது கதோட்டுக்களையும் பூச்சியத்திலிருந்து முற்றாகத் துண்டித்து 170 வோல்ற்றுக்கு உயர்த்தவேண்டிய அவசியம் இல்லை. அவை ஏறத்தாழ 60 வோல்ற்றுக்கு உயர்ந்தாலே போதும். அப்பொழுது அவற்றுக்கும் அனோட்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடு 80 வோல்ற் மட்டுமே; அதில் அவை ஒளிர மாட்டா. ஆகவே திரான்சிற்றர் தாங்கவேண்டியது 170 அன்று, 60 தான். இதனை மேலும் குறைத்து 30 வோல்ற்றில் நிறுத்தினால், ஓட்டத்தின் ஒரு பகுதி அயல் எண்களுக்குக் கசிந்து அவற்றின்மேல் மங்கிய ஒளி படரும்.

இவ்விடையே சிலிக்கன் சில்லினுள் அடங்கியது. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ற்ஸ் நிறுவனத்தின் 7441 சுற்றும், அதனைத் திருத்தி அமைத்த 74141 சுற்றும், நான்கு இரும எண்களைப் பெற்று, பத்து வெளியீடுகளில் ஒன்றைத் தெரிந்து, அதன் கதோட்டை நிலத்தோடு இணைத்தன. 5 வோல்ற்றுக்கும் 170 வோல்ற்றுக்கும் இடையே அமைந்த பாலம் எனலாம். இதன் பின்னரே வீட்டில் மணிக்கூடு அமைப்பது ஆர்வலருக்கு இயலுவதாயிற்று. 50 சுழற்சி மின்வழங்கலை எண்ணிக் கழிக்கும் 7490 முதலான எண்ணிகள், ஆறு இயக்கிகள், ஆறு குழாய்கள் ஆகியவற்றோடு மணிக்கூடு நிறைவுபெற்றது.

ஆனால் பாலம் கட்டி முடிந்த வேளையில் ஆற்றைக் கடப்போர் அருகிவிட்டனர். 1970களின் தொடக்கத்தில் ஒளிகாலும் இருவாயிகளாலான ஏழுதுண்டு எண்காட்டிகள் பரவின. அவற்றுக்குத் தேவைப்பட்டது இரண்டு வோல்ற் அளவே. உயர் அழுத்தமும் அதற்கான இயக்கியும் தேவையற்றுப் போயின. சோவியத் ஒன்றியத்தில் மட்டும் குழாய்களும், 74141 இற்கு நிகரான கே155ஐடி1 இயக்கியும் நீண்டகாலம் உற்பத்தியாயின. அங்கு உருவான ஐஎன்-12 குழாயில் '5' என்பது தலைகீழாக வைக்கப்பட்ட '2' ஆகும். ஒரே அச்சில் இரண்டு எண்கள்! சிக்கனம் அழகை விஞ்சியதற்கு இதனினும் வெளிப்படையான சான்று வேண்டியதில்லை.

1991இல் ஒன்றியம் கலைந்தபின், களஞ்சியங்களில் தேங்கிக் கிடந்த குழாய்கள் உலகெங்குமுள்ள ஆர்வலரின் கைகளுக்கு வந்தன. அவர்களது சுற்று முன்னோரின் சுற்றன்று. 12 வோல்ற் வழங்கலை, தூண்டியொன்றையும் விரைந்து திறந்து மூடும் ஆளியொன்றையும் கொண்டு 170 வோல்ற்றுக்கு உயர்த்துகின்றனர். இயக்கிச் சில்லுகள் பழைய இருப்பாகவே கிடைப்பதால், 300 வோல்ற் தாங்கும் எம்பிஎஸ்ஏ42 போன்ற மலிவான தனித் திரான்சிற்றர்களைப் பலர் பயன்படுத்துகின்றனர். ஒரு தலைமுறை அரிதின் முயன்று கண்ட 60 வோல்ற் நுட்பத்தை இவர்கள் அறியாமலே வேலையை முடித்துவிடலாம். ஆயினும் ஆறு குழாய்களுக்கும் பொதுவான ஓர் இயக்கித் தொகுதியை அமைத்து, ஒன்றன்பின் ஒன்றாக விரைந்து ஒளிரச் செய்யும் முறையைக் கையாளும்போது, பழைய மங்கிய ஒளி மீண்டும் எட்டிப் பார்க்கின்றது. ஒரு குழாயை அணைத்து மற்றொன்றை ஏற்றுவதற்கு இடையே மிகச் சிறியதோர் இருள் இடைவெளி விடுவதே அதற்குப் பரிகாரம்.

சுற்றமைப்பின் பிழை முன்பெல்லாம் குழாயொன்றின் விலையோடு போயிற்று. இன்று நிலைமை வேறு. செக் நாட்டில் டலிபோர் ஃபார்னி 2010களில் கைவினையாக மீண்டும் தொடங்கிய உற்பத்தி போன்ற சில முயற்சிகளைத் தவிர்த்தால், இருப்பது பழைய இருப்பே. அளவுமீறிய ஓட்டம் கதோட்டின் உலோகத்தை அரிக்கின்றது. நெடுங்காலம் ஒளிராத கதோட்டுக்களின் மேல் அயலிலிருந்து பெயர்ந்த உலோகம் படிந்து, பின்னர் அவை பகுதி பகுதியாகவே ஒளிர்கின்றன. மணிக்கூட்டின் முதற்குழாயே இதற்கு முதலிற் பலியாவது. மணியின் பத்தாமிடத்தில் 0, 1, 2 தவிர வேறெந்த எண்ணுக்கும் வேலையில்லை. ஆகையால் கவனமுள்ள ஆர்வலர், வீட்டார் உறங்கும் நள்ளிரவு கடந்த வேளையில் சில நிமிடங்களுக்கு மணிக்கூடு நேரத்தைக் காட்டாது, ஒவ்வொரு குழாயிலும் பத்து எண்களையும் மாறிமாறி ஒளிரச் செய்யுமாறு சுற்றை அமைக்கின்றனர்.