ராத்திரி எடுத்த ரத்தம்

நகரிப் பக்கம் நான் சுகாதாரப் பணியாளராக இருந்த நாளில், ஊர் அடங்கிய பிறகுதான் எங்களுக்கு வேலை. யானைக்கால் புழுவின் குஞ்சுகள் ராத்திரியில்தான் ரத்தத்தில் ஓடும். தூங்குகிறவரை எழுப்பி, விரலில் குத்தி, கண்ணாடிச் சில்லில் தடவிக்கொள்வோம். "பகல்ல வரக்கூடாதாப்பா?" என்று பாட்டிகள் சலித்துக்கொள்வார்கள்.

சில்லு கணக்கான கதை பழையது. 1897-இல் செகந்திராபாத்தில் கொசு வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்ட ரொனால்டு ராஸ், பின்னர் நோய் பரவுவதைச் சமன்பாடாகவும் எழுதினார். கொசுவைப் பூண்டோடு ஒழிக்க வேண்டாம், ஓர் அளவுக்குக் கீழே குறைத்தால் நோய் தானே அடங்கும் என்றார்.

யானைக்காலுக்கு அப்படிக் கணக்குப் போட்டது நம் புதுச்சேரி. 1975-இல் தொடங்கிய நோய்க்கடத்தி கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம், ராட்டர்டாம் பல்கலைக்கழகத்தாரோடு சேர்ந்து லிம்ஃபாசிம் என்ற கணினி மாதிரியை உள்ளூர்த் தரவுகளில் பொருத்திப் பார்த்தது. மருந்துக்குக் குஞ்சுகள் சாகும். தாய்ப்புழு பல வருஷம் தாங்கும். ஆகவே எத்தனை வருஷம், நூற்றுக்கு எத்தனை பேர் என்பதே கேள்வி. ஐந்து வருஷத்துக்குக் குறையாமல், 65 பேருக்குக் குறையாமல் என்று உலக நடைமுறை வந்தது.

2004-இல் யானைக்கால் மருந்தான டி.இ.சி. மாத்திரையோடு வீடுவீடாகப் படியேறினோம், பெரியவர்களுக்கு மூன்று. 2007-இல் அல்பெண்டசோல் சேர்ந்தது. யானைக்காலுக்கென்று போனது குடற்புழுவையும் அடித்தது.

ஒன்று மட்டும் சமன்பாட்டுக்குள் எளிதில் அடங்காது. வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டவர்களையும் நாங்கள் 'விழுங்கியவர்' பத்தியில்தான் எழுதினோம்.