குழாய்க்குள் ஒரு நீல விளக்கு

அமெரிக்காவின் பெரும்பாலான வீடுகளில் ஏசி சுவரில் தொங்குவதில்லை. நிலவறையிலோ பரணிலோ பீரோ அளவுக்கு ஒரு தகரப்பெட்டி நிற்கும். குளிர்காலத்தில் சூடான காற்றையும் கோடையில் குளிர்ந்த காற்றையும் டக்ட் என்ற தகரக் குழாய்கள் வழியே வீடு முழுக்க அனுப்புவது அதுதான். இந்தப் பெட்டியின் பக்கவாட்டில் ஒரு துளை போட்டு, உள்ளே முழ நீளத்துக்கு ஒரு விளக்கைச் செருகும் பழக்கம் அங்கே பல வீடுகளில் உண்டு. நம் அடுப்பங்கரைக் குடிநீர்க் கருவியில் ‘யூவி’ என்று எழுதியிருக்குமே, அதே புறஊதா விளக்குதான். நீரைச் சுத்தம் செய்வது காற்றையும் செய்யும் என்ற நம்பிக்கை அதற்குப் பின்னால் இருக்கிறது. அந்த நம்பிக்கை பாதி சரி. மீதிப் பாதி எங்கே இடறியது என்பதுதான் இதன் வரலாறு.

தொடக்கம் ஒரு ஜன்னலில். 1877-இல் இங்கிலாந்தின் ஷ்ரூஸ்பெரி ஊரில் ஆர்தர் டவுன்ஸ், தாமஸ் பிளண்ட் என்ற இருவர், கிருமி வளரக்கூடிய கரைசலைச் சோதனைக் குழாய்களில் ஊற்றி வெயிலில் வைத்தார்கள். சிலவற்றை ஈயத்தகட்டால் சுற்றினார்கள், சிலவற்றைத் திறந்தபடி விட்டார்கள். மூடியவை கலங்கிப் போயின. வெயில் பட்டவை தெளிவாகவே இருந்தன. வெயிலின் வெப்பத்துக்கு இதில் வேலையில்லை, ஒளிக்கே அந்தச் சக்தி, அதிலும் நீலம், ஊதா பக்கத்துக்கே கூடுதல் வீரியம் என்று அவர்கள் கண்டார்கள். பாயையும் தலையணையையும் வெயிலில் போட்டுத் தட்டுகிற பாட்டிகளுக்கு இது புதுச் செய்தியல்ல, காரணம்தான் புதிது.

வெயிலை வீட்டுக்குள் கொண்டுவர விளக்கு வேண்டுமே! 1901-இல் பீட்டர் கூப்பர் ஹெவிட் பாதரச ஆவி விளக்கைச் செய்தார். டென்மார்க்கின் நீல்ஸ் ஃபின்சென் கார்பன் வில் விளக்கின் ஒளியால் தோல் காசநோயைக் குணப்படுத்தி 1903-இல் நோபல் பரிசு வாங்கினார். 1910-இல் பிரான்சின் மார்செய் நகரில் குடிநீரையே புறஊதா ஒளியில் காட்டிப் பார்த்தார்கள். எந்த அலைநீளம் கிருமியை அதிகம் கொல்கிறது என்பதை ஃப்ரெடரிக் கேட்ஸ் 1930 வாக்கில் அளந்து சொன்னார்: ஏறத்தாழ 265 நானோமீட்டர். பாதரச விளக்கு உமிழ்வதோ பெரும்பாலும் 253.7. திட்டமிட்டுச் செய்ததுபோல இரண்டும் பக்கத்தில் அமைந்துவிட்டன. உள்ளே பூசிய வெள்ளைப் பொடியை நீக்கிவிட்டு, இந்தக் கதிரை வெளியே விடும் தனிவகைக் கண்ணாடியைப் போட்டால் டியூப்லைட்டும் இதுவும் ஒன்றுதான்.

இனி வருபவர் வில்லியம் வெல்ஸ். மருத்துவர் அல்ல, சுகாதாரப் பொறியாளர். அதற்கு முன் சிப்பி வளர்ப்பில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தவர். 1930-களில் ஹார்வர்டில் இருந்தபோது அவர் சொன்ன கருத்து அன்றைய மருத்துவ உலகுக்குப் பிடிக்கவில்லை. இருமும்போதும் தும்மும்போதும் தெறிக்கும் பெரிய துளிகள் சில அடி தூரத்தில் விழுந்துவிடும், எனவே காற்றைக் கண்டு பயப்பட வேண்டாம் என்பதே அப்போதைய பாடம். சிறு துளிகள் விழுவதற்குள் உலர்ந்துவிடும், அவற்றின் எச்சம் கிருமியோடு மணிக்கணக்கில் மிதக்கும் என்றார் வெல்ஸ். மிதப்பது உண்மையானால் அதை ஒளியால் கொல்லவும் முடியும்.

அதை நிரூபிக்க அவரும் அவர் மனைவி, மருத்துவர் மில்ட்ரெட் வெல்ஸும் பிலடெல்ஃபியா வட்டாரப் பள்ளிகளுக்குப் போனார்கள். குழந்தைகளின் கண்ணில் படாதபடி சுவரின் மேல்பகுதியில் விளக்குகளைப் பொருத்தினார்கள். அறையின் காற்று மேலே போய்க் கதிரில் குளித்துக் கீழே வரும். 1941-இல் தட்டம்மை பரவியபோது பலன் தெரிந்தது. விளக்கில்லாத வகுப்புகளில், நோய் தொற்றக்கூடிய நிலையிலிருந்த பிள்ளைகளில் நூற்றுக்குச் சுமார் 54 பேருக்கு அம்மை. விளக்கு எரிந்த வகுப்புகளில் 13 பேருக்குத்தான்.

இதே ஏற்பாட்டை நியூயார்க் மாநிலத்தின் கிராமப்புறப் பள்ளிகளில் செய்தபோது அம்மை சட்டை செய்யவில்லை. அந்தப் பிள்ளைகள் தினமும் நெருக்கியடித்துக்கொண்டு பள்ளிப் பேருந்தில் வந்தார்கள். பேருந்தில் விளக்கு இல்லை. லண்டன் அருகே சவுத்தாலில் நடந்த ஆய்வும் 1954-இல் இதேபோல் ஏமாற்றத்தில் முடிந்தது. வகுப்பில் தப்பித்த பிள்ளை தெருவில் மாட்டிக்கொண்டது. விளக்கு கொல்லுமா என்ற கேள்விக்கு எப்போதோ விடை கிடைத்துவிட்டது. கிருமி விளக்கின் முன்னால் வந்து நிற்குமா என்பதுதான் தகராறு.

டக்ட்டுக்குள் விளக்கை வைக்கும் யோசனையும் இதே காலத்தது. வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனம் ‘ஸ்டெரிலாம்ப்’ என்ற பெயரில் இவ்விளக்குகளை விற்றுவந்தது. அங்கே பணியாற்றிய ஹார்வி ரென்ச்லரும் ருடால்ஃப் நேகியும் ஏர்கண்டிஷனிங் அமைப்பில் புறஊதா ஒளியால் வரும் நன்மைகளைப் பற்றி 1940-இல் தொழில் இதழ் ஒன்றில் எழுதினார்கள். வீட்டுக் காற்று முழுவதும் ஒரே குழாய் வழியாகத்தானே போகிறது, அங்கே ஒரு காவலாளியை நிறுத்தினால் போதாதா? கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் டக்ட்டில் காற்று ஓட்டமாக ஓடுகிறது. ஒரு முழ விளக்கை அது கடக்க ஒரு நொடிகூட ஆகாது.

போதுமான ஒளி இருந்தால் அந்த நேரத்துக்குள்ளும் காரியம் ஆகும் என்பதற்கு பால்டிமோரின் முன்னாள் ராணுவ வீரர் மருத்துவமனை சாட்சி. 1950-களின் இறுதியில் அங்கே வெல்ஸின் மாணவர் ரிச்சர்ட் ரைலி, ஆறு படுக்கைகள் கொண்ட காசநோய் வார்டின் காற்றை மொட்டைமாடியில் கினிப்பன்றிகள் வாழ்ந்த கூடத்துக்குக் குழாய் வழியே அனுப்பினார். நோயாளியை ஒருநாளும் பார்த்திராத அந்தப் பிராணிகளுக்கு மாதந்தோறும் காசநோய் வந்தது. காற்றில் நோய் பரவும் என்பதற்கு இதைவிட நேரான சான்று வேண்டியதில்லை. பிறகு இரண்டாவது கூடம் அமைத்து, அதற்குப் போகும் குழாயில் மட்டும் புறஊதா விளக்குகளை எரியவிட்டார். அங்கே ஒரு கினிப்பன்றிக்கும் நோய் வரவில்லை. கினிப்பன்றிகளுக்குப் பள்ளிப் பேருந்து இல்லை; அவை சுவாசித்த காற்று முழுவதும் விளக்கைக் கடந்தே வந்தது.

இவ்வளவு தெளிவான வெற்றி வந்த நேரத்தில் அதைக் கேட்க ஆளில்லாமல் போனது ஒரு வேடிக்கை. அதில் சென்னைக்கும் பங்குண்டு. 1956-இல் தொடங்கிய சென்னைக் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், 193 நோயாளிகளில் ஒரு பகுதியினரை சானடோரியத்திலும் மறு பகுதியினரை வீட்டிலேயும் வைத்து மருந்து கொடுத்துப் பார்த்தது. இரு பக்கமும் குணம் ஏறக்குறைய சமம், வீட்டில் இருந்தவர்களின் குடும்பத்தாருக்குக் கூடுதல் ஆபத்தும் இல்லை என்று 1959-இல் அறிவித்தது. மாத்திரையே நோயை அடக்கும்போது காற்றைக் காவல் காப்பானேன்? 1963-இல் தட்டம்மைத் தடுப்பூசியும் வந்துவிட்டது. அதே ஆண்டு வெல்ஸ் இறந்தார். விளக்குகள் ஒவ்வொன்றாய் அணைந்தன.

திரும்ப ஏற்றியது எண்ணெய் விலை. 1973-இல் அந்த விலை எகிறிய பிறகு, மின்செலவை மிச்சம்பிடிக்க, காற்றுப் புகாத கண்ணாடிக் கட்டடங்களைக் கட்டத் தொடங்கினார்கள். உள்ளே வேலை செய்பவர்களுக்குத் தலைவலி, கண்ணெரிச்சல், மூக்கடைப்பு. பிறகு 1980-களின் பிற்பாதியில் நியூயார்க்கில் காசநோய் மீண்டும் தலைதூக்கியது, மருந்துக்குக் கட்டுப்படாத வகையும் சேர்ந்து.

இந்த முறை பொறியாளர்கள் குறியை மாற்றினார்கள். 1990-களில், ஓடும் காற்றை விட்டுவிட்டு, அந்தக் காற்றைக் குளிரவைக்கும் ‘காயில்’ என்ற அசையாத குழாய்ச்சுருளை நோக்கி விளக்கைத் திருப்பினார்கள். காயில் எப்போதும் ஈரம். தூசி படிந்து, பூஞ்சை பிடித்து, வழவழவென்று ஒரு படலம் உண்டாகும். வெகுநாள் கழித்து ஏசி போட்டதும் ஊறவைத்து மறந்த துணியின் வாடை வருமே, அது இங்கிருந்து வருவது. காயில் எங்கும் ஓடிப்போவதில்லை. இரவும் பகலும் ஒளி பட்டால் மெல்லிய ஒளியே போதும்.

மான்ட்ரியாலில் டிக் மென்சிஸ் குழுவினர் இதை 3 அலுவலகக் கட்டடங்களில் சோதித்து 2003-இல் ‘லான்செட்’ இதழில் வெளியிட்டார்கள். நான்கு வாரம் விளக்கு எரியும், பன்னிரண்டு வாரம் அணையும். எப்போது எது என்று 771 ஊழியர்களுக்கும் தெரியாது. ஒளி பட்ட பரப்பில் உயிருள்ள கிருமிகள் 99 சதவீதம் குறைந்தன. ஊழியர்களின் உபாதைகளும் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்தன.

வீட்டு விளக்கு வியாபாரம் இந்த நற்பெயரை அப்படியே கடன் வாங்கிக்கொண்டது. கொரோனா வந்தபோது கேட்கவே வேண்டாம். காயிலைச் சுத்தமாக வைப்பதற்கு விற்ற விளக்கு, வீட்டுக் காற்றையே கழுவிவிடும் என்ற பேச்சோடு விற்றது. வீட்டு டக்ட்டில் ஒளி படும் நேரம் மிகக் குறைவு, சில பூஞ்சை வித்துகள் அதற்கெல்லாம் மசியாது என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு எச்சரித்தே வந்திருக்கிறது. 185 நானோமீட்டர் கதிரையும் கசியவிடும் விளக்குகள் ஓசோனை உண்டாக்கி நுரையீரலை எரிச்சலூட்டும். பழுது பார்க்க வரும் மெக்கானிக்குகளுக்கு இன்னொரு சங்கதி தெரியும்: விளக்குக்கு அருகிலிருக்கும் பிளாஸ்டிக்கும் வயரின் உறையும் பழுத்து நொறுங்கும்.

பெட்டியின் வெளியே சின்னதாக ஒரு கண்ணாடித் துளை வைத்திருப்பார்கள், விளக்கு எரிகிறதா என்று வீட்டுக்காரர் பார்த்துக்கொள்ள. கிருமியைக் கொல்லும் கதிர் கண்ணுக்குத் தெரியாது. தெரிகிற நீலம் அதோடு சேர்ந்து வரும் உபரி ஒளி. ஓராண்டு எரிந்தபின் கதிர் வலுவிழந்து, விளக்கை மாற்ற வேண்டிய காலம் வந்துவிடும். நீலம் மட்டும் முதல் நாள்போலவே பளபளவென்று எரிந்துகொண்டிருக்கும்.