காலியாகவே கிடந்த நாற்காலி

ஊராட்சித் தலைவர் பதவி அப்படி என்ன பெரிய பதவி? தெருவிளக்கு எரியவில்லையா, குழாயில் தண்ணீர் வரவில்லையா, முதல் திட்டு அவருக்குத்தான். காசோலையில்கூட அவர் தனியாகக் கையெழுத்துப் போட்டுவிட முடியாது. துணைத்தலைவரும் சேர்ந்து போட வேண்டும். இந்தச் சின்ன நாற்காலிக்காக ஒரே நாளில் ஆறு பேர் வெட்டிச் சாய்க்கப்பட்டார்கள் என்றால் நம்புவீர்களா?

1993-ல் 73-வது அரசியல் சட்டத் திருத்தம் அமலுக்கு வந்தது. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை தேர்தல் கட்டாயம். தலைவர் பதவிகளில் தலித்துகளுக்கும் இடஒதுக்கீடு கட்டாயம். 1996 உள்ளாட்சித் தேர்தலில், மதுரை மாவட்டம் மேலூர் பக்கத்திலுள்ள மேலவளவு ஊராட்சி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டது. அவ்வளவுதான், 'நம்ம வயல்ல வேலை பார்க்கிறவன் நமக்கே தலைவரா?' என்று ஆதிக்க சாதியினர் கொதித்தார்கள். மிரட்டலில் தேர்தல் தள்ளிப்போனது. கடைசியில் போலீஸ் பாதுகாப்போடு வாக்குப்பதிவு நடந்து, முருகேசன் என்பவர் தலைவரானார். ஜெயித்தாரே தவிர, ஊராட்சி அலுவலகத்தில் நிம்மதியாக உட்கார முடியவில்லை.

1997 ஜூன் 30. மதுரையில் கலெக்டர் அலுவலகத்துக்குப் போய்விட்டு பஸ்ஸில் ஊர் திரும்பிக்கொண்டிருந்தவரை வழியிலேயே வெட்டிக் கொன்றார்கள். கூட வந்த ஐந்து பேரும் தப்பவில்லை. 2001-ல் 17 பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. சிறையில் மிச்சமிருந்த 13 பேரை 2019-ல் அரசு முன்கூட்டியே விடுதலை செய்தது.

இது ரத்தம் சிந்திய கதை. சத்தமே இல்லாமல் நடந்த இன்னொரு கதையும் உண்டு. அதே மதுரை மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம்; விருதுநகர் மாவட்டத்தில் கொட்டக்கச்சியேந்தல். இந்த நான்கு ஊராட்சிகளும் 1996-ல் தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டவைதான். இங்கே எடுத்த ஆயுதம் வேறு. யாரும் மனு போடக்கூடாது! மீறிப் போட்டால் கூலி வேலை கிடைக்காது. பிறகு அதைவிடச் சாமர்த்தியமான ஒரு வழி பிடித்தார்கள். தங்கள் பேச்சைக் கேட்கும் ஒருவரையே நிறுத்துவது, ஜெயிக்க வைப்பது, பதவி ஏற்றதும் ராஜினாமா கடிதம் கொடுக்க வைப்பது. மறுபடி தேர்தல், மறுபடி ராஜினாமா... சட்டத்தை ஒரு எழுத்துகூட மீறாமல் சட்டத்தையே கேலிக்கூத்தாக்கினார்கள். இப்படியே பத்து வருடம் ஓடிப்போனது!

2006-ல் ஆட்சி மாறியது. அப்போதைய மதுரை கலெக்டர் உதயச்சந்திரன் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். அந்த அக்டோபரில் நான்கு ஊராட்சிகளிலும் தேர்தல் நடந்தது. ஜெயித்தவர்கள் ராஜினாமா செய்யவில்லை. புதிய தலைவர்களை சென்னைக்கு அழைத்து 'சமத்துவப் பெருவிழா' நடத்தினார் முதல்வர் கருணாநிதி. 2021 காந்தி ஜெயந்தியன்று, முதல்வர் ஸ்டாலின் அதே பாப்பாபட்டி கிராமசபைக் கூட்டத்தில் மக்களோடு உட்கார்ந்து குறை கேட்டார்.

அத்தோடு எல்லாம் சரியாகிவிட்டதா? 2020-ல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையிலிருந்து ஒரு புகைப்படம் வெளிவந்தது. ஊராட்சிக் கூட்டம் நடக்கிறது. மற்றவர்கள் நாற்காலியில் இருக்க, தலித் பெண் தலைவர் மட்டும் தரையில்!

தேர்தலில் ஜெயித்தால் பதவி வந்துவிடுகிறது. நாற்காலி..?