தலைப்பாகைப் படமும் தேர்தல் தீர்ப்பும்

பொதுத்தேர்தல் அறிவிக்கப்பட்டுவிட்டால் ஒட்டுக்கடை முதல் ஆலய மண்டபம் வரை எங்கும் அரசியல் பேச்சுதான். ஆனால், அப்படிப் பேசுவோரில் தங்கள் தொகுதி வேட்பாளரை நேரில் கண்டு, உரையாடி, எடைபோட்டு வாக்களிப்பவர்கள் எத்தனை பேர்? மிகச் சிலரே. மற்றவர்கள் காலையில் படித்த செய்தியையும் இரவில் பார்த்த செய்தியையும் வைத்தே ஒரு முடிவுக்கு வருகின்றனர். ஆகவேதான், செய்தியைக் கையில் வைத்திருப்பவர் வாக்கையும் கையில் வைத்திருக்கிறார் என்று அரசியல் கட்சிகள் நம்பி வந்துள்ளன. அந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் உண்மை? மலேசியாவின் கடந்த சில பொதுத்தேர்தல்கள் இக்கேள்விக்கு நல்ல பாடமாக அமைந்துள்ளன.

ஒரே ஒரு புகைப்படம்

1990ஆம் ஆண்டு அக்டோபர் மாதம். நாட்டின் 8ஆவது பொதுத்தேர்தல் களம் சூடுபிடித்திருந்தது. 1987இல் நடந்த அம்னோ தலைவர் பதவிப் போட்டியில் டாக்டர் மகாதீரிடம் 43 வாக்கு வேறுபாட்டில் தோல்வி கண்ட தெங்கு ரசாலி ஹம்சா, செமாங்கட் 46 கட்சியின் தலைவராகக் களமிறங்கியிருந்தார். ஒரு பக்கம் பாஸ் கட்சியோடும் மறுபக்கம் ஜனநாயக செயல் கட்சியோடும் தனித்தனிக் கூட்டணி அமைத்து, ஆளும் தேசிய முன்னணிக்கு உண்மையான சவாலாக விளங்கினார்.

வேட்புமனுத் தாக்கல் முடிந்த பிறகு, யாரும் எதிர்பாராத வகையில் சபாவின் பிபிஎஸ் கட்சி தேசிய முன்னணியை விட்டு விலகி எதிர்க்கட்சிப் பக்கம் சேர்ந்தது. தெங்கு ரசாலி சபா சென்றார். அங்கு அவருக்குக் கடசான் இனத்தவரின் பாரம்பரியத் தலைப்பாகை அணிவிக்கப்பட்டது. அதில் நெய்யப்பட்டிருந்த கோலம் பார்ப்பதற்குச் சிலுவை போலத் தோன்றியது.

அந்தப் படம் தேசிய நாளேடுகளில் வெளிவந்தது. தொலைக்காட்சியிலும் காட்டப்பட்டது. மலாய்க்காரத் தலைவர் ஒருவர் கிறிஸ்துவக் கட்சிக்கு அடிபணிந்துவிட்டார் என்ற பொருளில் அது விளக்கப்பட்டது. விருந்தினருக்குச் செய்யப்பட்ட ஒரு சாதாரண மரியாதை, வாக்களிப்புக்குச் சில நாட்களே இருந்த வேளையில் சமயப் பிரச்சினையாக மாற்றப்பட்டது. மறுப்புச் சொல்ல அவருக்குப் போதிய நேரமும் இல்லை, நாடு முழுவதும் எட்டக்கூடிய ஏடும் இல்லை.

அக்டோபர் 20, 21ஆம் நாட்களில் வாக்களிப்பு நடைபெற்றது. 180 நாடாளுமன்ற இடங்களில் தேசிய முன்னணி 127 இடங்களைப் பெற்றது. மூன்றில் இரண்டு பெரும்பான்மைக்குத் தேவைப்பட்டவை 120. ஏழே இடங்கள்தான் அதிகம். கிராமப்புற மலாய் வாக்காளர்களைக் கடைசி நேரத்தில் திருப்பியதில் அந்தப் படத்திற்கும் பங்குண்டு என்று பல அரசியல் நோக்கர்கள் கருதுகின்றனர்.

ஏடுகள் யார் கையில்?

எதிர்த்தரப்பின் மறுப்புக்கு ஏன் இடம் கிடைக்கவில்லை? இதற்கு விடை காண இன்னும் முப்பது ஆண்டுகள் பின்னோக்கிச் செல்ல வேண்டும். 1961இல் உத்துசான் மெலாயு நாளேட்டை அம்னோ தன் கட்டுப்பாட்டில் கொண்டுவர முயன்றபோது, ஆசிரியர் சைட் சஹாரி தலைமையில் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். ஏறத்தாழ மூன்று மாதங்கள் நீடித்த அந்தப் போராட்டம் தோல்வியில் முடிந்தது. பத்திரிகை கட்சியின் கைக்குச் சென்றது.

பின்னர் இதுவே வழக்கமாகிவிட்டது. தி ஸ்டார் நாளேட்டில் மசீச பெரும் பங்கு வைத்திருந்தது. 1924இல் தொடங்கப்பட்ட தமிழ் நேசன், பிற்காலத்தில் மஇகா தலைமைக்கு நெருக்கமான ஏடாக விளங்கியது. 1984இல் ஒளிபரப்பைத் தொடங்கிய டிவி3, அம்னோவுடன் தொடர்புடைய நிறுவனத்தின் வசம் இருந்தது. அதே 1984இல் வந்த அச்சகங்கள், வெளியீடுகள் சட்டத்தின்படி, ஒவ்வொரு நாளேடும் ஆண்டுதோறும் தன் உரிமத்தைப் புதுப்பித்தாக வேண்டியிருந்தது. 1987 அக்டோபரில் ஓப்பராசி லாலாங் நடவடிக்கையின்போது தி ஸ்டார், சின் சியூ ஜிட் போ, வாத்தான் ஆகிய மூன்று ஏடுகளின் உரிமம் பறிக்கப்பட்டது. ஆளுங்கட்சிக்கு வேண்டிய ஏடானாலும் எல்லை மீறினால் மூடப்படும் என்பதை ஆசிரியர்கள் அன்று கற்றுக்கொண்டனர். மூன்றாண்டுகளுக்குப் பிறகு அந்தத் தலைப்பாகைப் படம் வந்தபோது, மறுபக்கத்தைக் கேட்டு எழுதும் துணிவு பெரும்பாலான ஏடுகளுக்கு இல்லாமற் போனதில் வியப்பில்லை.

கிளந்தானில் பலிக்காத படம்

ஆனால், அதே தேர்தலில் இன்னொரு நிகழ்ச்சியும் நடந்தது. கிளந்தான் மக்களும் அதே ஏடுகளைத்தான் படித்தார்கள். அதே தொலைக்காட்சியைத்தான் பார்த்தார்கள். மலாய் முஸ்லிம்கள் மிகப் பெரும்பான்மையாக வாழும் அந்த மாநிலத்தில்தான் அந்தப் படம் அதிகம் வேலை செய்திருக்க வேண்டும். நடந்தது என்ன? மாநிலத்தின் 39 சட்டமன்ற இடங்களையும் 13 நாடாளுமன்ற இடங்களையும் பாஸ், செமாங்கட் 46 கூட்டணி முழுமையாகக் கைப்பற்றியது. தேசிய முன்னணிக்கு ஓர் இடம்கூட மிஞ்சவில்லை.

காரணம் எளிது. தெங்கு ரசாலி கிளந்தானின் மைந்தர். அரச குடும்பத்தைச் சேர்ந்தவர். அவரைப் பல ஆண்டுகளாக நேரில் அறிந்தவர்கள் அம்மக்கள். அவருடன் தோளோடு தோள் நின்றதோ சமய அறிஞர்களைக் கொண்ட பாஸ் கட்சி. அவருடைய சமயப் பற்றைத் தெரிந்துகொள்ள அவர்களுக்குப் பத்திரிகை தேவைப்படவில்லை. அறிமுகம் இல்லாத இடத்தில் படம் பேசியது. அறிமுகம் உள்ள இடத்தில் மனிதரே பேசினார். செய்திக்கு வாக்காளரைத் திருப்பும் வலிமை உண்டு. ஆனால், அந்தச் செய்தியைச் சரிபார்க்க வேறு வழியில்லாதவரிடம்தான் அந்த வலிமை முழுமையாகச் செல்லுபடியாகும்.

1999: மாற்று வழி திறந்தது

1995 தேர்தலில் 192 இடங்களில் 162 இடங்களை வென்ற தேசிய முன்னணி, தகவல் சாதனங்கள் தன் பக்கம் இருக்கும்வரை கவலையில்லை என்று எண்ணியிருக்கலாம். ஆனால், 1998 செப்டம்பரில் துணைப் பிரதமர் அன்வார் இப்ராஹிம் பதவி நீக்கப்பட்டபோது நிலைமை மாறியது. கண்ணில் காயத்துடன் அவர் நீதிமன்றம் வந்த படம் உலகெங்கும் பரவியது. 1990இல் ஒரு படத்தால் பயனடைந்த ஆளுங்கட்சி, இம்முறை ஒரு படத்தால் அடிபட்டது.

தேசிய நாளேடுகள் சொல்வதை நம்ப மறுத்தவர்கள் பாஸ் கட்சியின் ஏடான ஹராக்காவை வாங்கத் தொடங்கினர். அதன் விற்பனை பல மடங்கு பெருகியது. 1999 நவம்பர் 20ஆம் நாள், அதாவது வாக்களிப்புக்கு ஒன்பது நாட்களுக்கு முன்பு, மலேசியாகினி இணைய ஏடு பிறந்தது. தேசிய முன்னணித் தலைவர்களின் குழுப்படம் ஒன்றில் அன்வாரின் உருவத்தை நீக்கிவிட்டு, அப்துல்லா படாவியின் உருவத்தைச் சேர்த்து ஒரு சீன நாளேடு வெளியிட்டிருந்ததை அது அம்பலப்படுத்தியது. அந்த நாளேடு மன்னிப்புக் கேட்க நேர்ந்தது.

அத்தேர்தலில் 193 இடங்களில் 148 இடங்களைப் பெற்று தேசிய முன்னணி வென்றது. எனினும், திரெங்கானுவும் பாஸ் வசமானது. அம்னோ பல மலாய்த் தொகுதிகளை இழந்தது. இதற்குத் தீர்வாக அரசாங்கம் எதைத் தேர்ந்தெடுத்தது? 2000ஆம் ஆண்டில், வாரம் இருமுறை வந்துகொண்டிருந்த ஹராக்காவை மாதம் இருமுறையாகக் குறைத்தது. நோய் இருக்கும் இடத்தை விட்டுவிட்டு, வெப்பமானியை உடைத்த கதைதான் இது.

வாக்காளரை விடக் கட்சியே ஏமாந்தது

2004இல் புதிய பிரதமர் அப்துல்லா படாவியின் தலைமையில் தேசிய முன்னணி 219 இடங்களில் 198ஐ வென்றது. புதிய தலைமையின் மீது மக்கள் வைத்த நம்பிக்கையே அதற்கு முக்கியக் காரணம். ஆயினும், பழைய பிரச்சார முறை இன்னமும் பலிக்கிறது என்ற தவறான தெம்பையும் அந்த வெற்றி கட்சிக்குக் கொடுத்துவிட்டது.

2007 நவம்பர் 10ஆம் நாள் தூய்மையான தேர்தல் கோரி பெர்சே பேரணி நடைபெற்றது. நவம்பர் 25ஆம் நாள் இண்ட்ராஃப் அழைப்பை ஏற்றுப் பல்லாயிரக்கணக்கான இந்தியர்கள் கோலாலம்பூரில் கூடினர். கண்ணீர்ப்புகைக்கும் இரசாயன நீருக்கும் இடையில் அவர்கள் நின்ற காட்சி கைப்பேசிகளிலும் இணையத்திலும் பரவியது. பெரும்பாலான தேசிய ஊடகங்களோ அதைச் சட்டவிரோதக் கூட்டமாகவும், போக்குவரத்து நெரிசலாகவும் காட்டின. அங்கு நின்றவர்களின் தாயும் தந்தையும் மறுநாள் அந்தச் செய்தியைப் படித்தபோது என்ன நினைத்திருப்பார்கள்? பிள்ளை வீட்டுக்கு வந்து சொன்னது ஒன்று. பத்திரிகை சொன்னது வேறொன்று. அன்று ஒவ்வோர் இந்தியர் வீடும் ஒரு சிறு கிளந்தானாகிவிட்டது.

2008 மார்ச் 8ஆம் நாள் முடிவு வந்தது. 222 இடங்களில் தேசிய முன்னணிக்குக் கிடைத்தவை 140. மூன்றில் இரண்டு பெரும்பான்மைக்கு எட்டு இடங்கள் குறைவு. பினாங்கு, சிலாங்கூர், பேராக், கெடா மாநிலங்கள் கைநழுவின. கிளந்தான் பாஸ் வசமே நீடித்தது. ஒன்பது நாடாளுமன்றத் தொகுதிகளில் போட்டியிட்ட மஇகா மூன்றில் மட்டுமே வென்றது. 1974 முதல் சுங்கை சிப்புட் தொகுதியைத் தன்வசம் வைத்திருந்த ச. சாமிவேலு, டாக்டர் மைக்கல் ஜெயகுமாரிடம் தோற்றார். தடுப்புக்காவலில் இருந்த இண்ட்ராஃப் தலைவர் ம. மனோகரன், கோத்தா ஆலாம் ஷா சட்டமன்றத் தொகுதியில் வெற்றி பெற்றார்.

அதே மாத இறுதியில், இணையத்தை அலட்சியப்படுத்தியது பெரிய தவறு என்று பிரதமர் அப்துல்லா வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். நாளேடுகளும் தொலைக்காட்சியும் போதும் என்று எண்ணியிருந்ததாகவும், இளைஞர்களோ குறுஞ்செய்திகளையும் வலைப்பதிவுகளையும் பார்த்துக்கொண்டிருந்ததாகவும் அவர் கூறினார்.

இந்த ஒப்புதலில் இன்னோர் உண்மையும் அடங்கியுள்ளது. தன் புகழை மட்டும் பாடும் ஏட்டை ஒரு கட்சி நாள்தோறும் படித்தால், முதலில் ஏமாறுவது அந்தக் கட்சிதான். பேரணியைச் சிறு கும்பல் என்று எழுதச் சொன்னவர்களே அதைச் சிறு கும்பல் என்று நம்பிவிட்டனர். மக்களின் மனக்குறையைத் தெரிந்துகொள்ள வேண்டிய கண்ணாடியைத் தாங்களே மூடிக்கொண்டு, தேர்தல் இரவில் திகைத்து நின்றனர்.

இந்தப் பாடம் எல்லாருக்கும் உடனே உறைக்கவில்லை. இண்ட்ராஃபுக்கும் எதிர்க்கட்சிகளுக்கும் இடம் கொடுத்திருந்த மக்கள் ஓசை தமிழ் நாளேட்டின் உரிமம் 2008 ஏப்ரலில் புதுப்பிக்கப்படவில்லை. எதிர்ப்புக் கிளம்பியதும் சில நாட்களில் அது மீண்டும் வழங்கப்பட்டது. ஆண்டுதோறும் உரிமம் புதுப்பிக்கும் முறை 2012இல்தான் நீக்கப்பட்டது.

வெட்டி எடுக்கப்பட்ட முகம்

2018 தேர்தலில் வரலாறு விசித்திரமாகத் திரும்பியது. 1990இல் ஊடக பலத்தோடு நின்ற அதே மகாதீர், இப்போது 92 வயதில் எதிர்க்கட்சிக் கூட்டணிக்குத் தலைமை தாங்கினார். தேர்தல் ஆணையத்தின் விதியைக் காட்டி, ஜொகூரில் ஒரு விளம்பரப் பலகையிலிருந்து அவருடைய முகம் வெட்டி எடுக்கப்பட்டது. ஒரு காலத்தில் படத்தைப் போட்டு வெல்ல முடிந்தது. இப்போது படத்தை வெட்டியும் வெல்ல முடியவில்லை. வெட்டப்பட்ட பலகையின் படமே கைப்பேசிகளில் பரவி, பெரிய பிரச்சாரமாகிவிட்டது. வாக்களிப்புக்கு முந்திய இரவு மகாதீர் முகநூல் நேரலையில் மக்களிடம் பேசினார். மே 9ஆம் நாள் தேசிய முன்னணி 79 இடங்களோடு முதன்முறையாக ஆட்சியை இழந்தது.

அப்படியானால் ஆபத்து நீங்கிவிட்டதா? இல்லை. 2022 நவம்பர் 19 தேர்தலில் 18 வயது இளைஞர்கள் முதன்முறையாக வாக்களித்தனர். அவர்களில் பலருக்கு டிக்டாக்தான் செய்தித்தாள். தேர்தல் முடிந்த சில நாட்களில், 1969 மே 13 கலவரத்தை நினைவூட்டி இனப்பகையைத் தூண்டும் காணொளிகள் அதில் பரவ, காவல்துறை எச்சரிக்கை விடுக்க வேண்டியதாயிற்று. 1990இல் அந்தத் தலைப்பாகைப் படத்தை வெளியிட்ட ஏடுகளுக்கு முகவரி இருந்தது, பொறுப்பாசிரியர் இருந்தார். இன்று கடைசி நேரத்தில் கைப்பேசிக்கு வந்து சேரும் படத்திற்கு அந்த முகவரியும் கிடையாது.

கருவிகள் மாறினாலும் வாக்காளர் கேட்க வேண்டிய கேள்விகள் மாறவில்லை. இந்தச் செய்தி ஏன் இன்றைக்கு வருகிறது? இதில் குற்றம் சாட்டப்பட்டவருக்குப் பதில் சொல்ல இடமும் நேரமும் தரப்பட்டதா? 1980களில் மஇகாவில் தலைமைப் போராட்டம் நடந்தபோது தமிழ் நாளேடுகள் ஆளுக்கொரு தரப்பை ஆதரித்தன. அன்று இரண்டு ஏடுகளையும் வாங்கி, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்த தமிழ் வாசகர்களும் உண்டு. அவர்களுக்கு ஊடகவியல் யாரும் கற்பிக்கவில்லை. ஒரு தரப்பை மட்டும் கேட்டுத் தீர்ப்புச் சொல்லக்கூடாது என்பது மட்டும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. கைப்பேசி காலத்து வாக்காளருக்கும் அந்தப் பழக்கம்தான் பாதுகாப்பு.